அப்பா நட்ட வழி

காபி கடுப்பாக இருந்தால் சொல்லுங்கள் ஐயா, வெந்நீர் கலந்து தருகிறேன். இந்த வீட்டில் எல்லாமே என் தம்பி ரூனாரின் வாய்க்குத் தகுந்த மாதிரிதான். கஷாயம் மாதிரி இருந்தால்தான் அவனுக்கு இறங்கும். அவன் கோப்பையையும் எடுத்து வைத்திருக்கிறேன். விடியும்போதே எழுந்து வெளியே போனான், வந்துவிடுவான்.

நீங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. இது எங்கள் தீவுகளுக்கு இரண்டுங்கெட்டான் காலம். கடல்மேல் உறைபனிப் பாளம் இருக்கிறது, ஆனால் ஆளைத் தாங்காது. படகை இறக்கினால் அதே பாளம் வழிவிடாது. நீங்கள் வந்த அன்றுதான் கடைசியாகத் தாங்கியது. அன்று மாலையே நான் போய், பாளத்தில் வழிகாட்ட நட்ட கிளைகளை எல்லாம் பிடுங்கிவிட்டேன். நட்டவர்தான் பிடுங்க வேண்டும், அது முறை. உங்களைச் சிறைவைக்கச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். வலைகளைக்கூடப் போன வாரமே பாளத்துக்கு அடியிலிருந்து இழுத்துக் காயப்போட்டாயிற்று. தண்ணீர் திறக்கிறவரை பாதிரியாரும் வரமாட்டார், தபாலும் வராது. என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்த போலீஸ்காரர் நீங்கள், இப்போது என் உருளைக்கிழங்கையும் உப்புமீனையும் தின்றுகொண்டு என்னோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். யார் யாருக்குக் காவல் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கிளைகளை இடம் மாற்றி நட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை. ஒரு கிளையைக்கூட மாற்றவில்லை. அப்பா எங்கே நட்டாரோ அங்கேதான் நட்டேன்.

கடல் கெட்டியானதும் ஒவ்வொரு தீவுக்கும் ஒரு பங்கு வழி உண்டு. எங்கள் என்ஷேர் தீவின் பங்கு, இந்தப் படகுத்துறையிலிருந்து நரிச்சந்து என்கிற குறுகிய கடலிடுக்கின் அந்தக் கரைவரை. அதற்கப்புறம் சர்ச் தீவுக்காரர்கள் பாடு. இரும்புமுனைத் தடியால் பாளத்தைக் குத்திப் பார்த்து, துளை போட்டு, ஜூனிப்பர் புதரின் கிளையை அதில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால் நிமிஷத்தில் இறுகிவிடும். கிளைக்குக் கிளை பார்வை எட்டும் தூரம். பனிமூட்டத்தில் கண் தெரியாவிட்டாலும் குதிரை கிளையைப் பார்த்துப் போய்விடும். இங்கே பிறந்தவன் தன் கண்ணை நம்பமாட்டான், கிளையை நம்புவான். கிளை நட்ட இடத்தில் யாரும் தடியால் குத்திப் பார்ப்பதில்லை. நட்டவரை அவமதிப்பது போல் ஆகிவிடும்.

அப்பாவுக்குப் பிறகு கிளை நடுவது என் வேலையாகிவிட்டது. ரூனார் குளிர்காலம் முழுவதும் வெளிக்கடலில் கடல்நாய் வேட்டை, வலை என்று அலைவான். வீட்டுக்கு வரும்போது கிளைகள் நின்றிருக்கும், அவற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

அப்பா நட்டது நேர்வழி. துறையிலிருந்து நரிச்சந்தின் நடுவாக, அம்பு விட்ட மாதிரி. அவர் காலத்தில் அது நல்ல வழிதான். ஆனால் எங்கள் பக்கம் நிலம் நிலையாகக் கிடப்பதில்லை ஐயா, எழுந்துகொண்டே இருக்கிறது. அந்தக் காலத்துப் பனிமலைகளின் பாரம் நீங்கியதால் பூமி மூச்சு விடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். தாத்தா படகு கட்டிய இரும்பு வளையம் இன்று தண்ணீர் எட்டாத பாறையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. துறையை மூன்று தடவை கீழே இறக்கிக் கட்டியிருக்கிறோம். நரிச்சந்தும் அப்படித்தான், ஒவ்வொரு வருஷமும் இரண்டு கரையும் கொஞ்சம் நெருங்கி வரும். காற்று மாறும்போதெல்லாம் கடல் அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே பாய்ந்து வெளியே பாய்கிறது. இடுக்கு குறுகக் குறுக இழுப்பு அதிகம். அது பாளத்தை அடியிலிருந்து அரித்துவிடும். மேலே பனி மூடியிருப்பதால் ஒன்றும் தெரியாது. நான் தடியால் குத்திக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து என் வழி ஆட்டுத்தீவைச் சுற்றி வளைத்துத்தான் போகும். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. நானும் சொல்லிக்கொண்டதில்லை.

போன குளிர்காலத்தில் மறுபடி அப்பாவின் வழியில் நட்டேன். சட்டத்தில் அது குற்றமா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். ரூனாரை வளர்த்தது நான். அம்மா போகும்போது அவனுக்குப் பல் முளைக்கவில்லை. எனக்கும் ஒரு காலம் இருந்தது ஐயா, சிரிக்காதீர்கள். ஒரு மாலுமி என்னைக் கேட்டு இரண்டு கோடையில் வந்துபோனான். குழந்தையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றேன். மூன்றாவது கோடையில் அவன் வரவில்லை. அதற்காக நான் மூலையில் உட்கார்ந்து அழவும் இல்லை. இந்தத் தீவில் அப்போது நான்கு வீட்டில் புகை வந்தது. ஒவ்வொன்றாக அணைந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைப் பூட்டாமலே போனார்கள். இங்கே யார் வந்து திருடப்போகிறார்கள்? கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாடும் ஒரு குதிரையும். எனக்கு அது போதும் என்றுதான் இருந்தது.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் ரூனார் வலை பின்னிக்கொண்டிருந்த என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நீ கத்தக்கூடாது."

"கத்துற ஆளா நான்?"

"கத்தமாட்ட. அதான் பயமா இருக்கு."

"சொல்லு."

"பாளம் கெட்டியானதும் நானும் எல்வியும் வாசா பட்டணத்துக்குப் போயிடறோம். மில்லுல வேலை சொல்லி வச்சாச்சு. சாமானெல்லாம் வண்டியில ஏத்திடுவேன்."

"எப்போ திரும்புவ?"

"திரும்புறது இல்லக்கா."

நான் கண்ணியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். பாதியில் விட்டால் அளவு கெட்டுவிடும். எல்வி யார் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். சர்ச் தீவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண். மீன் விற்கப் போகும்போதெல்லாம் இவன் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு போனது எதற்கு என்று எனக்குத் தெரியாதா?

நல்ல பெண்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாமான் கட்ட உதவுகிறேன் என்று முன்கூட்டியே வந்து இங்கேயே தங்கினாள். முகம் தெரியாதவர்களோடு பேசியே பழகியவள். வாய் ஓயாது. மாட்டோடு பேசுவாள், அடுப்போடு பேசுவாள். என்னையும் விடவில்லை.

"அக்கா, நீங்களும் வந்துடுங்களேன். மூணாவது மாடி. ஜன்னலத் தொறந்தா ரயிலடி தெரியும்."

"ரயில்ல யாரு வந்து எறங்கப்போறா? எனக்குத் தெரிஞ்சவங்களா?"

"போகப் போகத் தெரிஞ்சிடுவாங்க. இங்க மட்டும் யாரு இருக்கா? இந்தப் பசுமாடும் நீங்களும் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப்போறீங்களா?"

"பசுமாடு ஒண்ணும் என்னை விட்டுட்டுப் போகலையே."

சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டாள். ரூனாரும் சிரித்தான். இந்த வீட்டில் அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்குப் பொறாமைதான், உங்களிடம் மறைக்கவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைய வேண்டியிருந்தது, பிசைந்தேன்.

மூன்றாவது மாடிக்கு நான் போயிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். கீழே இறங்கினால் எந்தப் பக்கம் கடல் என்று தெரியாத ஊரில், தம்பி பெண்டாட்டியின் அடுப்படியில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ரயிலை எண்ணிக்கொண்டிருக்கவா? இங்கேயே இருந்திருந்தால்? இரண்டுங்கெட்டான் காலத்தில் தனியாளாக இந்த வீட்டில் இருந்து பாருங்கள் ஐயா. நீங்கள் வந்து இத்தனை நாள்தான் ஆகிறது, அதற்குள் நாலு தடவை துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டீர்கள். எந்தப் பக்கம் போனாலும் எனக்குக் கதவு அடைத்திருந்தது. ஒரே ஒரு கதவுதான் என் கையில் இருந்தது.

நான் கணக்குப் போட்டது குதிரையை வைத்து. எங்களிடம் இருந்தது பால்டர் ஒன்றுதான். குதிரை போனால் வண்டி இல்லை. வண்டியோடு சாமானும் போனால் எதைக்கொண்டு குடித்தனம் வைப்பது? ஒரு வருஷம் தள்ளிப்போகும். டெலிபோன் பெண் ஒரு வருஷம் காத்திருப்பாளா? அவ்வளவுதான் நான் நினைத்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகாது. பாளத்தில் பார வண்டி போகும்போது எங்கள் ஆட்கள் ஏறி உட்காரமாட்டார்கள். வண்டிக்குப் பின்னால் நடந்து வருவார்கள். கழுத்தில் கொக்கிக்கட்டை தொங்கும். அதோ கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறதே, கைப்பிடி அளவுக்கு இரண்டு மரத்துண்டு, முனையில் ஆணி, அதுதான். பாளம் உடைந்து விழுந்தால் இரண்டு கையிலும் பிடித்து ஓரத்தில் குத்தி உடம்பை மேலே இழுத்துக்கொள்ளலாம். அது இல்லாமல் பாளத்தில் கால் வைக்கிறவன் இந்தப் பக்கத்திலேயே கிடையாது. ரூனார் நன்றாக நீந்துவான், கட்டையும் இருக்கும். குளிர் ஜுரம் ஒன்று வந்து போகும், நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன்.

புறப்படும் முன் ரூனார் துறையில் நின்று கிளைகளைப் பார்த்தான்.

"என்னக்கா, இந்த வருஷம் நேரா நட்டிருக்க? ஆட்டுத்தீவச் சுத்தலையா?"

"நல்ல குளிருடா. சந்தே தாங்குது. அப்பா நட்ட வழி."

"அப்பா நட்ட வழி" என்று அவனும் சொன்னான். விட்டுப் போகிற ஊர் கடைசியாகத் தனக்குக் குறுக்குவழி விடுகிறது என்று நினைத்தானோ என்னவோ. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கட்டிப்பிடித்தது போவதற்காகத்தானே?

எல்வி பட்டணத்து ஜோடு போட்டிருந்தாள். மெல்லிய அடி, பனியில் நாலு அடி நடந்தால் விறைத்துவிடும். நான்தான் சொன்னேன், மேலே ஏறி உட்கார்ந்துகொள் என்று.

"எல்லாரும் நடந்துதானே போவாங்க? ஒருத்தரும் பாரத்து மேல ஏறமாட்டாங்கன்னு ரூனார் சொன்னாரே" என்றாள்.

ரூனார் குதிரையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். "பாளம் எப்படிக்கா?" என்றான். தாங்கும் என்று நான் தலையை ஆட்டினேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. நட்டவள் நான்.

தையல் மெஷினுக்கும் கட்டில் பலகைக்கும் நடுவில் அவளுக்கு இடம் செய்து கொடுத்தேன். என் ஆட்டுத்தோல் போர்வையைப் போர்த்தினேன். காற்றில் பறக்காமல் இருக்கப் போர்வைக்கு மேலாகக் கட்டில் பலகையோடு சேர்த்துக் கயிறு சுற்றிக் கட்டினேன். கைகளையும் உள்ளே வைத்துக்கொள் என்றேன், விரல் மரத்துப்போகும். "அம்மா வீட்டுலகூட என்னை யாரும் இப்படிப் பொத்திவச்சதில்லக்கா" என்றாள். கழுத்துவரைக்கும் மூடியிருந்ததால் கன்னத்தை மட்டும் நீட்டினாள். முத்தம் கொடுத்தேன்.

துறையில் நின்று பார்த்தேன். நரிச்சந்து இங்கிருந்து தெளிவாகத் தெரியும். பால்டர் கிளையைப் பார்த்துப் பார்த்து அடக்கமாகப் போனது. முதலில் அது நின்றது. குதிரைக்குத் தெரியும். ரூனார் பின்னாலிருந்து அதட்டினான், கிளை இருக்கிறதே என்ற தைரியம். அப்புறம் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்தது, யாரோ மண்டியிட்ட மாதிரி. சத்தம் எனக்கு வந்து சேர நேரமாயிற்று.

ரூனார் விழவில்லை. அவன் நின்ற இடம் தாங்கியது. நான் நினைத்தபடியே. எங்கள் குதிரைகளுக்குக் கழுத்தில் ஒரு சுருக்குக்கயிறு எப்போதும் இருக்கும். விழுந்தால் அதை இறுக்க வேண்டும், மூச்சு உள்ளேயே அடைபட்டு உடம்பு மிதக்கும், இழுத்துப் போட்டுவிடலாம். அதற்குப் போயிருந்தால் பால்டர் பிழைத்திருக்கும். அவன் குதிரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தவழ்ந்து போய் வண்டியின் பின்பக்கத்தில் தொங்கினான். வண்டி மூழ்குவதற்கு முன் கொஞ்ச நேரம் மிதந்தது. மரச்சாமான் இருந்ததல்லவா. அவள் கத்தியது கேட்டது. அவன் பெயரைத்தான் சொன்னாள். ஒரு தடவை என்னையும் கூப்பிட்டாள்.

நான் ஏணியும் கயிறும் எடுத்துக்கொண்டு போனேன் ஐயா. போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான் போய்ச் சேரும்போது கறுப்புத் தண்ணீரும், ஓரத்தில் குப்புறக் கிடந்த ரூனாரும்தான். அவன் விரல் நகங்கள் பிய்ந்திருந்தன.

"முடிச்சு அவுரலக்கா" என்றான். "முடிச்சு அவுரவே இல்ல."

அதற்கப்புறம் அவன் என்னோடு பேசவில்லை. மறுநாள் சர்ச் தீவு ஆட்கள் வந்து கொக்கி போட்டுத் துழாவி அவளை எடுத்துக்கொண்டு போனார்கள். இவன் இங்கே, இந்த மேசையில், உங்கள் இடத்தில்தான் உட்கார்ந்திருப்பான். தன் கை விரைவாக இல்லை, கத்தியை எடுக்கத் தோன்றவில்லை என்று தனக்குள் முனகி முனகித் தன்னையே தின்றுகொண்டிருந்தான். நான் காபி வைப்பேன், குடிப்பான். ரொட்டி வைப்பேன், தின்பான். வாசாவைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. குளிர்காலம் நல்லபடியாகத்தான் போனது. அவன் அழுதால் முதுகைத் தடவிக்கொடுப்பேன். சின்ன வயதிலும் அப்படித்தான், முதுகைத் தடவினால் தூங்கிவிடுவான்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். நேற்று மாலை சாப்பாட்டுக்குப் பின் பையிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்து இதே மேசையில் வைத்தீர்கள். அவளைக் குளிப்பாட்டியவர்கள் முடிச்சை அவிழ்க்க முடியாமல் கயிற்றை அறுத்து எடுத்ததாகவும், அதைத் தூக்கிப்போடாமல் உங்களிடம் கொடுத்ததாகவும் சொன்னீர்கள். நல்ல காரியம் செய்தார்கள். சர்ச் தீவில் பாதிப் பேர் என் வலையில்தான் மீன் பிடிக்கிறார்கள். என் முடிச்சு கடைசிச் சுற்றில் இரண்டு தடவை அடியில் நுழைந்து வரும். நனைய நனைய இறுகும். அது என் கை என்று யாருக்கும் தெரியும்.

ரூனாருக்கும் தெரியும். அவன் என் வலைகளில் வளர்ந்தவன். அன்று ஈரத்தில், ஆட்டுத்தோல் மடிப்புக்குள், விரல் விறைத்து, அவன் பார்த்திருக்க முடியாது. நேற்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். கையில் எடுத்தான், திருப்பினான், கீழே வைத்தான். நீங்கள் அவன் முகத்தைப் பார்த்தீர்கள், நான் பார்க்கவில்லை. எனக்குப் பாத்திரம் கழுவ வேண்டியிருந்தது.

இப்போது நீங்கள் கேட்கிற கேள்வி நியாயமானது. பாளத்தில் போகிற வண்டியில் ஆளை வைத்துக் கட்டினால் உருவு முடிச்சுதான் போடுவார்கள், ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு, நீங்கள் ஏன் அதைப் போடவில்லை என்கிறீர்கள். கைப்பழக்கம் என்று நான் சொல்லிவிடலாம். வலை பின்னுகிற கை அல்லவா, தானாகப் போட்டுவிட்டது என்றால் நீதிபதி நம்பக்கூடும். ஆனால் உங்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை. முதலில் உருவு முடிச்சுதான் போட்டேன். பார்த்தேன். அவிழ்த்தேன். பிறகு என் முடிச்சைப் போட்டேன். அவள் அந்த நேரம் முழுவதும் ரயிலடியில் விற்கிற பன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். என் கொக்கிக்கட்டை கதவருகில் தொங்கியது, அதை அவள் கழுத்தில் மாட்டவில்லை. கை இரண்டும் உள்ளே கட்டியிருக்கும்போது அது எதற்கு?

அப்படியானால் குதிரை என்றது பொய்யா என்கிறீர்கள். பொய் இல்லை ஐயா. குதிரையும்தான்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தண்ணீர் திறந்ததும் உங்களோடு வருகிறேன், தகராறு செய்யமாட்டேன். ஒரே ஒரு கவலைதான். ரூனாரை யார் பார்த்துக்கொள்வார்கள்? அவனைத் தனியாக விட முடியாது. நானில்லாவிட்டால் வேளைக்குச் சாப்பிடமாட்டான்.

எங்கே போனான் என்று மறுபடி கேட்கிறீர்கள். வலையைப் பார்க்கப் போயிருப்பான். ஆமாம், வலையெல்லாம் எடுத்தாயிற்று என்று நான்தான் சொன்னேன். அப்படியானால் துறைப்பக்கம் சும்மா நிற்பான். இரவு விழுந்த பனியில் அவன் காலில் கட்டும் சறுக்குக்கட்டையின் தடம் தெரிகிறது, துறையிலிருந்து இறங்கி நரிச்சந்தைப் பார்த்து நேராகப் போகிறது, திரும்பி வந்த தடம் இல்லை என்கிறீர்கள். எனக்குக் கண் முன்னைப்போல இல்லை. உட்காருங்கள் ஐயா, ஏன் எழுந்துவிட்டீர்கள்? அந்தப் பாளம் உங்களைத் தாங்காது. அது யாரையும் எங்கேயும் போகவிடாது.

அவன் போகிறவனாக இருந்தால் போன குளிர்காலத்திலேயே போயிருப்பான். யாரும் அவனைக் கட்டிவைக்கவில்லையே, அவனாகத்தான் என்னோடு இருந்தான். வேண்டுமானால் கதவுப்பக்கம் பாருங்கள், ஆணியில் இரண்டு கொக்கிக்கட்டையும் தொங்குகிறது, என்னுடையதும் அவனுடையதும். அது இல்லாமல் அவன் தூரம் போகமாட்டான். கோப்பையை எடுக்காதீர்கள், காபி ஆறுவதற்குள் வந்துவிடுவான்.